என் பெட்டியில் 54 படங்கள்: கோச்சிங்கில் படம் வைத்துப் பேசுவது எப்படி

என்னிடம் கோச்சிங்குக்கு, அதாவது தன் வேலைச் சிக்கலைக் கேள்விகள் வழியாகத் தானே யோசித்துத் தெளிய வந்தவர், மூன்றாவது அமர்விலும் முதல் அமர்வில் சொன்னதையே சொன்னார். ஒரு பெரிய குழுவுக்குப் பொறுப்பாக இருப்பவர். வேலையைப் பிரித்துக் கொடுக்க வரவில்லை, நேர மேலாண்மையைச் சரிசெய்ய வேண்டும் என்று ஆரம்பித்து, வரிசையாக நான்கு காரணங்கள், நான்கு தீர்வுகள். எதிலும் தவறில்லை. ஆனால் ஒரு சொல்கூட அவருடையதாக இல்லை. எல்லாம் வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதி எழுதிப் பழகிய சொற்கள். அன்று நான் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, பையிலிருந்து படப் பெட்டியை எடுத்து, மேசைமேல் இருபது படங்களைப் பரப்பினேன். “இந்த வேலைக்குள்ள இப்போ நீங்க இருக்கிற இடத்துக்குக் கிட்ட வர்ற படம் ஒண்ணு எடுங்க” என்றேன்.

அவர் எடுத்தது ஒரு காலி பெஞ்ச். மழை விட்ட பிறகு எடுத்த படம். பலகை முழுக்க ஈரம், ஒரு மூலை மட்டும் காய்ந்திருக்கும். எட்டு வருடங்களாக அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அந்தக் காய்ந்த மூலையை நான் அதுவரை கவனித்ததே இல்லை. அவர்தான் விரலை வைத்துக் காட்டினார். “இங்க யாரோ உட்கார்ந்திருந்திருக்காங்க. இப்பதான் எழுந்து போயிருக்காங்க.”

அதற்குப் பிறகு ரொம்ப நேரம் அவர் பேசவில்லை. அப்புறம் மெதுவாக வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் வேலையை விட்டுப் போன ஒரு மூத்த சக ஊழியர். எந்த முடிவையும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இவர் எடுப்பாராம். அந்த மனிதர் போனதிலிருந்து எதையும் யாரிடமும் ஒப்படைக்க மனம் வரவில்லை. பிரித்துக் கொடுக்க இவருக்கு நன்றாகவே தெரியும். கொடுப்பதற்கு முன்னால் கலந்து பேசத்தான் ஆள் இல்லை. மூன்று அமர்வுகளாக நாங்கள் சுற்றிச் சுற்றி வந்த விஷயம் அந்தப் பெஞ்சின் மூலையில் உட்கார்ந்திருந்தது.

பதினோரு வருடங்களாக கோச்சிங் செய்கிறேன். அதில் எட்டு வருடங்கள் இந்தப் படப் பெட்டியோடு. நீங்கள் கோச்சாக இருந்தாலும், குழுவை வழிநடத்துபவராக இருந்தாலும், மாணவர்களோடு தனியாக உட்கார்ந்து பேசும் ஆசிரியராக இருந்தாலும் இதைச் செய்யலாம். எப்படிச் செய்வது, எங்கே கெடும் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

படம் என்ன செய்கிறது

ஒருவரை நேராகப் பார்த்து “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால், ஏற்கெனவே பலமுறை சொல்லிப் பழகிய பதில்தான் முதலில் வரும். அது பொய் இல்லை, தேய்ந்து போன பதில். முன்பின் பார்க்காத ஒரு படத்துக்கு அப்படித் தயாராக வைத்திருக்கும் பதில் கிடையாது. பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பார்க்கிற நேரத்தில் புதுச் சொல் தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலில்தான் மனிதர் தன்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

இன்னொன்றும் நடக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது கண்கள் முட்டிக்கொண்டே இருக்கும். கூச்சமுள்ளவருக்கு அது பெரிய பாரம். நடுவில் ஒரு படம் வந்துவிட்டால் இருவரும் அதைப் பார்த்துப் பேசுகிறோம். “நான் பயப்படுகிறேன்” என்று சொல்ல முடியாதவர், “இந்தப் பாலத்தைத் தாண்ட இவருக்குப் பயமா இருக்கு” என்று சொல்லிவிடுவார். சொன்ன பிறகு, அது தன்னைப் பற்றித்தான் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஜான் கோலியர் என்ற மானிடவியல் புகைப்படக்காரர் 1957-இல் எழுதிய கட்டுரையில், புகைப்படம் வைத்து எடுத்த நேர்காணல்களையும் வெறும் கேள்விகளால் எடுத்தவற்றையும் ஒப்பிட்டிருக்கிறார். படம் இருந்தபோது மக்கள் கூடுதலாகவும் நுணுக்கமாகவும் பேசினார்கள், சொன்னதையே திரும்பச் சொல்வதும் குறைந்தது. 1965-இல் பிரான்சின் லியோன் நகரில் உளவியலாளர்கள் சிலர், பேசத் தயங்கும் வளரிளம் பருவத்தினரோடு பேச இதே வழியைப் பிடித்தார்கள். அவர்கள் கையாண்ட முறை ‘ஃபோட்டோலாங்காஜ்’ என்ற பெயரில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் படத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதை நாம் தெரிந்து வைத்துக்கொண்டு விலகி நிற்க வேண்டும். ஹெர்மன் ரோர்ஷாக் 1921-இல் வெளியிட்ட பத்து மைக்கறைப் படங்களும், 1930-களில் ஹார்வர்டில் ஹென்றி மர்ரேயும் கிறிஸ்டியானா மார்கனும் உருவாக்கிய, பார்ப்பவரைக் கதை சொல்ல வைக்கும் படங்களும் உளவியல் சோதனைகள். அங்கே ஒருவர் சொல்வதை வைத்து, பயிற்சி பெற்ற நிபுணர் அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறார். நாம் செய்வது அது இல்லை. நமக்கு அந்தப் பயிற்சியும் கிடையாது, அந்த வேலையும் கிடையாது. படத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் உரிமை அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும்தான். நான் கீழே எழுதப்போகும் ஒவ்வொரு வழக்கமும் இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

படங்களைச் சேர்ப்பது

கடையில் தயாராகக் கிடைக்கும் அட்டைக் கட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. நான் சொந்தமாகச் சேர்த்தேன். பாதிக்கு மேல் நானே எடுத்த புகைப்படங்கள், மீதி நண்பர்கள் அனுமதியோடு கொடுத்தவை. இணையத்தில் கிடைத்ததையெல்லாம் அச்சடித்து வைத்துக்கொள்ளாதீர்கள். அது இன்னொருவருடைய உழைப்பு. உரிமம் தெளிவாக இருக்கும் படங்களை மட்டும் எடுங்கள்.

40-இலிருந்து 60 படங்கள் போதும். அஞ்சலட்டை அளவு கைக்கு வசதி. பளபளப்பான தாளில் அச்சடித்தால் விளக்கு வெளிச்சம் பட்டுப் பாதி படம் தெரியாது, அதனால் மேட் தாள். பின்பக்கம் ஓர் எண், வேறு எதுவும் வேண்டாம். ‘நம்பிக்கை’, ‘துணிவு’ என்று தலைப்பு எழுதிவிட்டால் பார்ப்பவர் படத்தைப் படிக்க மாட்டார், எழுத்தைத்தான் படிப்பார்.

எந்த மாதிரிப் படங்கள்? ஆரம்பத்தில் நான் அழகான படங்களாகத் தேர்ந்தெடுத்தேன். சூரிய உதயம், மலை உச்சியில் கை விரித்து நிற்கும் மனிதர், பூ மேல் பனித்துளி. அவை அத்தனையும் பயனில்லாமல் போயின. மலை உச்சி மனிதரைப் பார்த்து எல்லோரும் ‘வெற்றி’ என்றார்கள், பேச்சு அங்கேயே முடிந்தது. இப்போது நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: புதுப் படம் ஒன்றை மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டுவேன். மூவரும் ஒரே சொல்லைச் சொன்னால் அந்தப் படம் பெட்டிக்குள் வராது. மூன்று வெவ்வேறு விஷயங்கள் சொன்னால் வரும்.

அப்படித் தங்கிய சிலவற்றைச் சொல்கிறேன். சுவரில் சாய்த்த ஏணி, மேல் நுனி சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. பாதி திறந்த கதவு, உள்ளே இருப்பவர் திறக்கிறாரா மூடுகிறாரா என்று தெரியாது. கரையில் கட்டிக் கிடக்கும் படகு. இரண்டு கைகள் ஒரே கயிற்றைப் பிடித்திருக்கின்றன, இழுக்கின்றனவா தாங்குகின்றனவா என்பது பார்ப்பவர் பாடு. ஒற்றைச் செருப்பு. மின்கம்பியில் வரிசையாகப் பறவைகள், ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கிறது. காலியான வகுப்பறை. மூடுபனியில் ஒரு பாலம். இவற்றில் எதுவும் போட்டியில் பரிசு வாங்கும் படம் இல்லை. ஏதோ ஒன்று சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த விடுபட்ட இடத்துக்குள்தான் பார்ப்பவர் நுழைகிறார்.

கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் முகங்கள், பிரபலமானவர்கள், கொடிகள், மதச் சின்னங்கள் வேண்டாம். அவை ஒவ்வொன்றும் தன் கதையைத் தூக்கிக்கொண்டே வரும். மனிதர்கள் இருக்கட்டும், ஆனால் முதுகு, கை, தூரத்து உருவம் போல. மகிழ்ச்சியான படங்களாகவே நிரப்பிவிடாதீர்கள். கோபமாக, சோர்வாக இருப்பவருக்கும் எடுக்க ஒரு படம் வேண்டும். இருட்டு, உடைந்த ஜன்னல், வறண்ட மண் எல்லாம் இருக்க வேண்டும். ஆனால் விபத்து, காயம், வன்முறை வேண்டாம்.

மர்ரேயின் 31 அட்டைகளில் ஒன்று வெறும் வெள்ளை அட்டை. அந்த யோசனையை மட்டும் நான் கடன் வாங்கிக்கொண்டேன். என் பெட்டியில் 54-ஆவது படம் படமே இல்லை, வெள்ளை. எப்போதாவது ஒருவர்தான் அதை எடுப்பார். ஒரு பெண் எடுத்தார். “இதுல எல்லாரும் ஏற்கெனவே ஏதோ வரைஞ்சு வச்சிருக்காங்க. எனக்கு வேணாம்” என்றார். அந்த அமர்வு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் பேசினோம்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

படங்களை நன்றாகச் சேர்த்துவிட்டு, கேள்வியைச் சொதப்பினால் எதுவும் நடக்காது. நான் படங்களைப் பரப்புவதற்கு முன்பே கேள்வியைச் சொல்லி, ஒரு தாளில் எழுதி, மேசையின் ஓரத்தில் வைத்துவிடுகிறேன். படங்களைப் பார்த்த பிறகு கேள்வி கேட்டால், ஏற்கெனவே பிடித்துப்போன படத்துக்கு ஏற்ற மாதிரி பதிலை வளைப்பார்கள்.

கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இப்போது இருக்கும் நிலையைப் பற்றியதாக இருப்பது நல்லது. “இந்தப் பொறுப்புக்குள் இப்போது நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?”, “இந்த முடிவை நினைத்தால் உடம்பில் என்ன தோன்றுகிறதோ, அதற்குக் கிட்டத்தில் வரும் படம் எது?”, “உங்களுக்கும் உங்கள் மேலாளருக்கும் நடுவில் இருப்பது எது மாதிரி?” இவை எனக்கு வேலை செய்தவை. “உங்கள் தலைமைப் பண்பைக் காட்டும் படம்” என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் நல்ல பெயர் வாங்கும் படத்தை எடுத்தார்கள். ‘பண்பு’, ‘பலம்’, ‘இலக்கு’ என்ற சொற்கள் கேள்விக்குள் வந்தவுடன் மனிதர் நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் போல ஆகிவிடுகிறார்.

“கிட்ட வர்ற படம்” என்று நான் சொல்வதில் ஒரு காரணம் இருக்கிறது. ‘சரியான படம்’ என்று சொன்னால் தேட ஆரம்பித்துவிடுவார்கள், கிடைக்காமல் தவிப்பார்கள். கிட்டத்தில் இருந்தால் போதும் என்றால், “கிட்டத்தட்ட இதுதான், ஆனா இந்த ஏணி இவ்வளவு நேரா இருக்காது” என்பார்கள். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் வருவதுதான் நமக்கு வேண்டியது.

படம் எடுக்கச் சொல்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். “கொஞ்சம் வேற மாதிரி செஞ்சு பார்க்கலாமா? இது டெஸ்ட் இல்ல. எந்தப் படத்துக்கும் என்கிட்ட அர்த்தம் எழுதி வச்சிருக்கலை. எப்ப வேணாம்னு தோணுதோ படத்தைத் திருப்பி வச்சிடலாம்.” இந்த நான்கு வாக்கியங்களை நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், பத்தாவது முறை வருபவரிடமும்.

எடுக்கும் நேரம்

தனி ஆளுக்கு இருபது இருபத்தைந்து படங்கள் போதும். 54-ஐயும் பரப்பினால் கண் களைத்துவிடும். மூன்று நான்கு நிமிடங்கள் தருகிறேன். அந்த நேரத்தில் அவரைப் பார்க்காதீர்கள். நான் எழுந்து போய் ஜன்னலருகே நிற்பேன், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றுவேன். கோச்சின் பார்வை மேலே விழுந்துகொண்டே இருந்தால், கோச்சுக்குப் பிடிக்கும் படத்தைத்தான் கை எடுக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் ஓரக்கண்ணால் கவனித்துக்கொள்வேன். கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்த படம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், எடுத்த படத்தைப் பற்றிப் பேசி முடித்த பிறகு மென்மையாகக் கேட்பேன்: “முதல்ல இன்னொன்னு எடுத்தீங்க, அப்புறம் வச்சிட்டீங்க. அதைப் பத்தி ஏதாவது சொல்லணும்னு தோணுதா?” வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். சொல்ல வந்தவர்கள் பெரும்பாலும் அதில்தான் அதிக நேரம் இருந்தார்கள். எடுத்து வைத்த படம், தனக்குத் தெரிந்தும் இன்று தொட வேண்டாம் என்று நினைத்த ஒன்றாக இருக்கலாம். அதை வற்புறுத்தித் திறக்க நமக்கு உரிமை இல்லை, பார்த்தோம் என்று சொல்ல மட்டும் உரிமை உண்டு.

பேச்சு

இங்கே நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியைச் சேர்த்த முதல் வருடம். வேலையை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒருவர் கரையில் கட்டிய படகை எடுத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே உற்சாகம். “கட்டிப் போட்ட மாதிரி உணர்றீங்க, இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “ஆமா, அப்படியும் சொல்லலாம்” என்றார். அதன் பிறகு நாற்பது நிமிடங்கள் நான் கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “நான் அந்தப் படகை எடுத்தது, அது கட்டியிருக்குன்னுதான். நேத்து ராத்திரி காத்து அடிச்சிருக்கும், ஆனா அது அடிச்சிட்டுப் போகலை.” அவருக்கு அந்தக் கயிறு பாதுகாப்பு. நான் அதைச் சிறையாக்கிவிட்டேன். வேலையில் தங்குவதற்கான அவருடைய காரணம் அங்கே இருந்தது. என் ஒரு வாக்கியத்தால் அது அந்த அறைக்குள் வர முடியாமல் போனது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு வரிசையைப் பழக்கப்படுத்திக்கொண்டேன்.

முதல் இரண்டு நிமிடங்கள் படத்தைப் பற்றி மட்டும். “இதுல என்ன தெரியுது?” என்று கேட்டுவிட்டு விலகிவிடுவேன். ‘தனிமை’ என்று நேராக அர்த்தத்துக்குத் தாவினால், “எதைப் பார்த்தா அப்படித் தோணுது?” என்று படத்துக்கே திருப்பி அனுப்புவேன். பெஞ்சின் காய்ந்த மூலை மாதிரி விஷயங்கள் இந்த இரண்டு நிமிடத்தில்தான் அகப்படும். அவசரப்பட்டால் போய்விடும்.

அப்புறம், “இந்தப் படத்துக்குள்ள நீங்க எங்க இருக்கீங்க?” இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஏணிப் படத்தை எடுத்த ஐந்து பேர் ஐந்து இடத்தில் இருந்தார்கள். ஒருவர் ஏணியின் நடுவில். ஒருவர் கீழே அதைப் பிடித்துக்கொண்டு. ஒருவர், “நான் அந்தச் சுவர்” என்றார். ஒருவர் சட்டகத்துக்கு வெளியே, மேலே, ஏறி முடித்து இறங்க வழி தேடிக்கொண்டு. ஒருவர் அங்கே இல்லவே இல்லை, அவர் கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். படம் ஒன்றுதான். இதையே யோசித்துப் பாருங்கள், ஏணிக்கு நாம் எந்த அர்த்தத்தை மனதில் வைத்திருந்தாலும் அது நான்கு பேருக்காவது தவறாக இருந்திருக்கும்.

மூன்றாவதாக, சட்டகத்துக்கு வெளியே போகலாம். “இந்தப் படத்தோட ஓரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”, “இதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்தது?”, “அடுத்து?” இங்கே அவர் படத்தில் இல்லாததைச் சொல்ல ஆரம்பிக்கிறார். அது அவரிடமிருந்து மட்டும்தான் வர முடியும்.

கேள்வி கேட்கும் விதத்தில் எனக்கு உதவியது, நியூசிலாந்தில் பிறந்த டேவிட் குரோவ் என்ற சிகிச்சையாளர் 1980-களில் உருவாக்கிய ஒரு வழக்கம். எதிரில் இருப்பவர் பயன்படுத்திய சொல்லையே எடுத்துக் கேட்பது, நம் சொல்லைச் சேர்க்காமல். அவர் ‘மூடுபனி’ என்றால் நானும் மூடுபனி என்றுதான் சொல்வேன், ‘குழப்பம்’ என்று மாற்ற மாட்டேன். ஒரு அமர்விலிருந்து சில வரிகள், அவருடைய சம்மதத்தோடு:

“இந்தப் பாலத்துல நான் பாதி வந்துட்டேன்.”

“பாதி வந்துட்டீங்க. அந்தப் பாதி எப்படிப்பட்ட இடம்?”

“ரெண்டு கரையும் தெரியலை. மூடுபனி.”

“அந்த மூடுபனியைப் பத்தி இன்னும் ஏதாவது இருக்கா?”

“...அது மோசமா இல்ல. உண்மையைச் சொன்னா நிம்மதியா இருக்கு. யாரும் என்னைப் பார்க்க முடியாது.”

நான் ‘குழப்பம்’ என்று சொல்லியிருந்தால் ‘நிம்மதி’ என்ற சொல் வந்திருக்காது.

அவர் அமைதியானால் நீங்களும் அமைதியாக இருங்கள். நான் மனதுக்குள் இருபது வரை எண்ணுவேன். முதலில் அது மிக நீளமாகத் தெரியும். பழகிவிடும்.

கடைசியாகத்தான் வாழ்க்கைக்கு வர வேண்டும். “இதுவரைக்கும் சொன்னதுல, உங்க வேலையில ஏற்கெனவே நீங்க பார்த்த ஏதாவது இருக்கா?” சில சமயம் இந்தக் கேள்விக்கு அவசியமே இருக்காது. அவரே படத்தைக் கீழே வைத்துவிட்டு, “சரி, விஷயம் என்னன்னா...” என்று ஆரம்பித்துவிடுவார்.

இரண்டாவது படம்

உணர்ந்தது அப்படியே காற்றில் நின்றுவிடக் கூடாது என்றால் இரண்டாவது படம் வேண்டும். “ஆறு மாசம் கழிச்சு எது மாதிரி இருந்தா நல்லா இருக்கும்?” இரண்டையும் மேசையில் வைக்கச் சொல்வேன், எவ்வளவு தூரம் தள்ளி வைப்பது என்பது அவர் விருப்பம். ஒருவர் முதல் படத்தை மேசையின் ஒரு முனையிலும் இரண்டாவதை மறுமுனையிலும் வைத்தார். இன்னொருவர் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். அந்தத் தூரத்தைப் பற்றியும் கேளுங்கள். பிறகு, நடுவில் வைக்க மூன்றாவது படம். அது அடுத்த ஒரு வாரத்தில் செய்யக்கூடிய சின்ன விஷயத்துக்காக.

பெஞ்ச் எடுத்தவர் மூன்றாவதாக எடுத்தது கயிற்றைப் பிடித்த இரண்டு கைகள். வியாழக்கிழமைக்குள் குழுவில் இருக்கும் ஒருவரிடம், “இந்த முடிவைப் பத்தி உன்கூட அரை மணி நேரம் பேசணும்” என்று கேட்பதாக முடிவு செய்தார். நேர மேலாண்மையைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

போகும்போது எடுத்த படங்களை அவர் தன் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளட்டும். அடுத்த அமர்வில் அதே படத்தைத் திரும்ப வைத்து, “இன்னைக்கு இதுல என்ன தெரியுது?” என்று கேட்டால் போதும்.

குழுவில் செய்யும்போது

ஆறிலிருந்து எட்டு பேர் வரை நன்றாக நடக்கும். ஆளுக்கு நான்கு நிமிடங்கள். ஒரே படத்தை இரண்டு பேர் எடுக்க நினைத்தால் எடுக்கட்டும், ஒருவர் பேசி முடித்ததும் அட்டையை அடுத்தவரிடம் கொடுப்பார். மற்றவர்கள் கருத்துச் சொல்ல விரும்பினால் “இது என் படமா இருந்தா...” என்று ஆரம்பிக்க வேண்டும் என்பது என் ஒரே விதி. ‘நீ’ என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் நிறுத்திவிடுவேன். மேலதிகாரி கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்களின் படங்கள் எல்லாம் அவர் படத்தைப் போலவே ஆகிவிடும்.

திரை வழியாக

வீடியோ அழைப்பில் 12 படங்களை ஒரே பக்கத்தில் கட்டம் கட்டி, எண் போட்டு, முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். ஓரளவு நடக்கிறது. ஆனால் கையால் எடுத்துத் திருப்பிப் பார்ப்பது இல்லாமல் போகிறது. அதனால் தொலைவில் இருப்பவர்களிடம் வேறு மாதிரி கேட்கிறேன்: அடுத்த அமர்வுக்குள் அன்றாடம் கண்ணில் படுவதில் மூன்று புகைப்படங்கள் எடுத்து வாருங்கள். ‘என்னை இழுப்பது’, ‘என்னைத் தடுப்பது’, ‘நான் கவனிக்காமல் விட்டது’ என்று மூன்று. கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் 1990-களில் சீனாவின் யுன்னான் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்களே எடுத்துக் காட்டச் செய்தார்கள். நோக்கம் வேறு, அது சமூக நலனுக்கான வேலை. ஆனாலும் கேமரா யார் கையில் இருக்கிறதோ அவர் பார்வைதான் பேச்சை நடத்தும் என்பதை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன். நேரில் வருபவர்களிடமும் இப்போது இதைச் செய்கிறேன்.

பார்வைக் குறைபாடு உள்ளவரோடு உட்காரும்போது படத்தை விட்டுவிட்டு, கையில் எடுத்துத் தடவிப் பார்க்கும் பொருள்களை வைக்கிறேன்: கல், சாவி, கயிற்றுத் துண்டு, கிளிஞ்சல், மூடி இல்லாத பேனா. கேள்விகள் அதேதான். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் பலர் உண்டு, அதனால் நிறத்தை மட்டும் நம்பி நிற்கும் படங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.

நிறுத்த வேண்டிய இடம்

படம் சில சமயம் நாம் எதிர்பார்க்காத கதவைத் திறந்துவிடும். ஒற்றைச் செருப்புப் படத்தை எடுத்த ஒருவர் பேச ஆரம்பித்த அரை நிமிடத்தில் அழ ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது, கை நடுங்கியது. கண்ணீர் வருவது தவறில்லை, பல அமர்வுகளில் வரும். ஆனால் இது அந்த மாதிரி இல்லை. அவர் அந்த அறையிலேயே இல்லை, வேறு எங்கோ இருந்தார். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. படத்தைத் திருப்பி வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன், காலைத் தரையில் அழுத்தி வைக்கச் சொன்னேன், சுற்றி இருக்கும் பொருள்கள் சிலவற்றின் பெயரைச் சொல்லச் சொன்னேன். அவர் நிதானமான பிறகு, இதைப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் உண்டு என்று நேராகச் சொல்லி, ஒரு உளவியல் சிகிச்சையாளரிடம் போக உதவினேன். கோச்சிங் என்பது சிகிச்சை இல்லை. இந்த எல்லையைத் தெரியாதவர் தயவுசெய்து படப் பெட்டியைத் திறக்க வேண்டாம். உங்கள் கைபேசியில் அப்படிப்பட்ட இரண்டு பேருடைய எண்களாவது இருக்கட்டும்.

சிலருக்கு இது ஒத்துவராது. “நேரா கேளுங்க, சொல்றேன்” என்பவரிடம் நேராகக் கேட்டுவிடுவேன். நாளைக் காலை ஒரு முடிவு சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியில் வருபவருக்கும் படம் வேண்டாம்.

குறிப்பு எழுதுவது

மற்றவர்களிடம் செய்வதற்கு முன் ஒரு மாதம் நீங்களே தினமும் ஒரு படத்தை எடுத்துப் பத்து நிமிடம் எழுதுங்கள். எந்தக் கேள்வி உங்களை மூடவைக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

அமர்வு முடிந்ததும் நான் ஒரு தாளை நடுவில் மடித்து இரண்டாக்குகிறேன். இடது பக்கத்தில் படத்தின் எண்ணும், அவர் சொன்ன சொற்களும், அப்படியே அவர் சொன்ன மாதிரி: ‘17. இப்பதான் எழுந்து போயிருக்காங்க.’ வலது பக்கத்தில் எனக்குத் தோன்றிய அர்த்தங்கள், ஊகங்கள். தோன்றத்தான் செய்யும், தோன்றாமல் இருக்க முடியாது. எழுதிவிட்டால் அவை என் வாயிலிருந்து வெளியே வராமல் இருக்கின்றன. பிறகு மடிப்பில் கிழித்து, இடது பக்கத்தை அவருடைய கோப்பில் வைக்கிறேன். வலது பக்கம் குப்பைக்குப் போகிறது. அடுத்த முறை அவர் வரும்போது என்னிடம் அவருடைய சொற்கள் மட்டும்தான் இருக்கும்.